அந்தப் பிளேனுக்கு என்ன வயசு?

போன மாதம் என் அக்கா மகளுக்கு மலேசியாவின் சரவாக் மாநில உட்பகுதியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஊர் பெயர் பாரியோ, கெலாபிட் மலைநாட்டில் இருக்கிறது. மீரியிலிருந்து மண் பாதையில் போனால் ஒரு முழு நாள் இடுப்பு ஒடியும். சின்ன விமானத்தில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவள் விமானத்தில்தான் போனாள். மீரியில் பெட்டியை எடை போட்ட கையோடு அவளையும் தராசில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கோபத்திலேயே விமானத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

அக்கா அந்தப் படத்தோடு சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூரை மேல் இறக்கை, இரண்டு காற்றாடி, மடங்காமல் தொங்கும் சக்கரம். “தம்பி, நம்ம தோட்டத்துல பிள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போகுமே ஒரு வேன், கதவக் கயித்துல கட்டி வச்சிருப்பாங்களே, அது மாதிரியே இருக்குடா. இந்தப் பிளேனுக்கு என்ன வயசு?”

நான் சுபாங்கில் ஒரு விமானப் பராமரிப்புக் கூடத்தில் ஆறு ஆண்டு தகடு வேலை பார்த்தவன். விமானத்தின் மேலே போர்த்தியிருக்கும் அலுமினியத் தகட்டைக் கழற்றுவது, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, திரும்ப ரிவெட் ஆணி அடித்துப் பொருத்துவது, இதுதான் வேலை. அதனால் குடும்பத்தில் பிளேன் பற்றிய எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும், டிக்கெட் விலை உட்பட. அக்காவை ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போனேன். பதில் சொல்லி முடிக்க இரண்டு தே தாரேக் ஆனது.

படத்தில் இருந்தது டுவின் ஆட்டர். கனடாவின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்தது. 1965 மே 20 அன்று முதன்முதலில் பறந்தது. 19 பயணிகள் உட்காரலாம். 1988 வரை 844 விமானங்கள் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் மலைக் கிராமம், தீவு, பனிக்காடு என்று குட்டையான ஓடுபாதை உள்ள இடங்களுக்கு இதற்கு ஈடாக இன்னொன்று அமையவே இல்லை. அதனால் வைக்கிங் ஏர் என்ற இன்னொரு கனடா நிறுவனம் உரிமையை வாங்கி, 2010 முதல் மறுபடியும் புதிதாகச் செய்து கொடுக்க ஆரம்பித்தது. சரவாக்கில் பறப்பவை அந்தப் புது வரிசையைச் சேர்ந்தவை. நம் ஊர் கப்சாய் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். ஹோண்டா அதை 1958-ல் கொண்டு வந்தது. இன்று கடையில் பளபளவென்று நிற்பதும் ஏறக்குறைய அதே வடிவம்தான். அதை யாரும் 1958-ஆம் வருஷத்து வண்டி என்று சொல்வதில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. சாயம் புதிது, இருக்கை புதிது, முன்னால் டிவி எல்லாம் இருக்கும். ஆனால் அந்த விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து 30 ஆண்டு தாண்டியிருக்கும். அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் ஓட்டும் போயிங் 757 விமானங்களில் சில அப்படிப்பட்டவை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. கண்ணுக்குப் பழசாகத் தெரிவது ஒன்று, உண்மையில் பழசாக இருப்பது வேறொன்று.

சரி, உண்மையான வயதை எப்படிக் கணக்கிடுவது? ஆண்டை வைத்து என்றுதான் எல்லோரும் நினைப்போம். விமானத்துறையில் ஆண்டு ஒரு கணக்கு, பறந்த மணி நேரம் இன்னொரு கணக்கு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பெரிய ஜெட்டுகளுக்கு அதுதான் முக்கியம்: எத்தனை முறை ஏறி இறங்கியது. அதைச் சுற்று என்பார்கள். ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தால் ஒரு சுற்று. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பதின்மூன்று மணி நேரம் பறந்தாலும் ஒரு சுற்றுதான். பினாங்குக்கு ஒரு மணி நேரத்தில் போனாலும் ஒரு சுற்றுதான்.

இது ஏன் என்று எனக்கு முதலில் விளங்க வைத்தது சுபாங் இல்லை, என் மாமா.

மாமா செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தார். ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு எங்கள் தோட்டத்தில் செம்பனை நட்ட பிறகு, பால் பிடிக்கும் மங்கு கழுவிக்கொண்டிருந்த பலர் ஆலைக்குப் போனார்கள். மாமா அவர்களில் ஒருவர். அங்கே பாய்லர் ஒன்று, ஸ்டெரிலைசர் மூன்று. ஸ்டெரிலைசர் என்பது படுக்கவைத்த ராட்சத இரும்பு உருளை. பழக்குலைகளைக் கூண்டு வண்டியில் வைத்துத் தண்டவாளத்தில் உள்ளே தள்ளி, கதவை அடைத்து, நீராவியைத் திறந்துவிடுவார்கள். சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம் வரை ஏறும். ஒன்றரை மணி நேரம் வெந்ததும் நீராவியை வெளியே விட்டு, கதவைத் திறந்து, அடுத்த குலைகள் உள்ளே போகும். இரவும் பகலும் இதே கதைதான்.

மாமா பாய்லரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அது ஒருமுறை சூடேறினால் நாள் கணக்கில் ஒரே அழுத்தத்தில் நிற்கும். அவர் டார்ச் லைட்டோடு சுற்றிச் சுற்றி வந்தது ஸ்டெரிலைசரைத்தான். “ஏறி அப்படியே நிக்கிற சாமான் சாகாதுடா. ஏறி எறங்கி ஏறி எறங்கிப் போறதுதான் சாகும்” என்பார். கதவு ஓரத்துப் பற்றவைப்பில் முடி போல ஒரு கோடு தெரிந்தாலும் ஆலையை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போவார்.

விமானத்தின் உடம்பும் ஒரு ஸ்டெரிலைசர்தான். நீராவிக்குப் பதில் காற்று, குலைகளுக்குப் பதில் நாம். 35,000 அடி உயரத்தில் வெளியே மூச்சு விடப் போதிய காற்று இல்லை. அதனால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். அதையும் தரைமட்டம் அளவுக்கு நிரப்புவதில்லை. சுமார் 8,000 அடி உயர மலையில் நிற்பது போல வைத்திருப்பார்கள். கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சி 2,031 மீட்டர். அதைவிட இன்னும் 400 மீட்டர் மேலே ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தாலும் உள்ளுக்கும் வெளிக்கும் சதுர அங்குலத்துக்குச் சுமார் ஏழரை பவுண்டு வித்தியாசம் வருகிறது. ஸ்டெரிலைசரின் 40 பவுண்டுக்கு முன்னால் இது சின்னதாகத் தெரியும். ஆனால் ஸ்டெரிலைசர் கனத்த எஃகு, விமானத்தின் தோலோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. பத்து அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரம் உள்ள ஒரு சன்னலை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட அதன் மேல் 400 கிலோவுக்கு மேல் உந்துகிறது.

ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் விமானம் பலூன் மாதிரி லேசாக உப்புகிறது. கீழே வந்ததும் சுருங்குகிறது. பால் மங்கைத் தாங்கும் கம்பியை எடுத்து இங்கும் அங்கும் வளைத்துப் பாருங்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாது, பத்தாவது தடவையும் ஆகாது, இருபதாவது தடவை பட்டென்று கையோடு வந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். கம்பியை நாம் கண்ணுக்குத் தெரிய வளைக்கிறோம், அதனால் இருபதில் போய்விடுகிறது. விமானத்தில் வளைவு மிக மிகக் குறைவு, அதனால் பல்லாயிரம் தடவை தாங்கும். அலுமினியத்திடம் இன்னொரு சங்கடம் உண்டு. விசை ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் எஃகு எத்தனை லட்சம் தடவை ஆட்டினாலும் சோராது. அலுமினியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. சின்ன விசையையும் அது மறக்காமல் கணக்கில் ஏற்றிக்கொண்டே போகும்.

இந்தக் கணக்கை உலகத்துக்குப் புரிய வைத்தது காமெட். பிரிட்டன் செய்த, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றும் இத்தாலிக் கடலோரத்தில் நடுவானில் சிதறின. இரண்டுமே பழைய விமானம் இல்லை, சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஃபார்ன்பரோவில் விஞ்ஞானிகள் ஒரு முழுக் காமெட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, பறப்பது போலவே வேலை வாங்கினார்கள். முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057-ஆவது சுற்றில் உடம்பு கிழிந்தது. கடலிலிருந்து எடுத்த பாகங்களில், கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில் விரிசல் தொடங்கியிருந்தது தெரிந்தது.

ஏன் தண்ணீர்? இதை நான் படித்தபோது சிரித்துவிட்டேன். மாமா காலத்தில் ஆலையின் பாய்லரையும் ஸ்டெரிலைசரையும் 15 மாதத்துக்கு ஒரு முறை அரசாங்க அதிகாரி வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அழுத்திச் சோதிக்க வேண்டியிருந்தால் தண்ணீரை நிரப்பித்தான் அழுத்துவார்கள். காற்றை அழுத்தினால் அது சுருள்வில் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், கிழிந்தால் குண்டு. தண்ணீர் சுருங்காது, கிழிந்தால் பீச்சி அடித்துவிட்டு நின்றுவிடும். பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் எங்கள் செம்பனை ஆலையும் ஒரே தந்திரத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

காமெட் கற்றுக்கொடுத்தது ஒரு பாதி. மறுபாதியைக் கற்றுக்கொடுத்தது ஹவாய்.

1988 ஏப்ரல் 28. அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-200 ஒன்று ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குக் கிளம்பியது. 95 பேர் உள்ளே. 24,000 அடியில் பறந்துகொண்டிருந்தபோது முன்பக்கக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பயணிகள் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விமானப் பணிப்பெண் காற்றில் இழுத்துச் செல்லப்பட்டார். மற்ற 94 பேரையும் விமானிகள் மாவி தீவில் உயிரோடு தரையிறக்கினார்கள். பாதித் திறந்த அந்த உடம்பு எப்படி ஒட்டிக்கொண்டு வந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

விமானத்துக்கு வயது 19. அவ்வளவு ஒன்றும் கிழடு இல்லை. பறந்த நேரம் சுமார் 35,500 மணி, அதுவும் பெரிதில்லை. ஆனால் சுற்று? 89,680! வகுத்துப் பார்த்தால் ஒரு பறப்புக்கு 24 நிமிடம்கூட வரவில்லை. தீவுக்குத் தீவு தாவிக்கொண்டே இருந்த விமானம் அது. சுபாங்கில் எனக்குப் பாடம் எடுத்தவர் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியதும் நான் மாமாவைத்தான் நினைத்தேன். லண்டனுக்குப் போகும் விமானம் பாய்லர். தீவுக்குத் தீவு தாவுவது ஸ்டெரிலைசர்.

கடல் காற்றின் உப்பும் ஈரமும் வேறு சேர்ந்துகொண்டன. தகடும் தகடும் சேரும் இடத்தில் போட்டிருந்த ஒட்டுப்பசை விட்டுப்போக, பாரம் முழுக்க ரிவெட்டுகளின் மேல் விழுந்தது. ஒவ்வொரு ரிவெட் துளையின் ஓரத்திலும் ஒரு பொடி விரிசல். தனியாக ஒவ்வொன்றும் ஆபத்தில்லை. ஆனால் ஒரே வரிசையில் இருந்த அத்தனையும் ஒருநாள் கைகோத்துக்கொண்டன. கிழித்து எடுக்கும் வசதிக்காகத் தாளில் வரிசையாகக் குத்தி வைப்பார்களே, அது மாதிரி. ஏறும்போதே ஒரு பயணி கதவருகே விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. பிழை சொல்ல முடியாது. நாமாக இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாததா என்றுதான் விட்டிருப்போம்.

அதற்குப் பிறகு சட்டங்கள் மாறின. பழைய விமானங்களுக்கென்று தனிச் சோதனைத் திட்டம் வந்தது. இன்ன வகை விமானத்துக்கு இத்தனை சுற்று, இத்தனை மணி வரைதான் எங்கள் ஆய்வு செல்லும், அதற்கு மேல் பறக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எல்லை சொல்ல வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2010-ல் கொண்டு வந்தது. ஆக, பெரிய ஜெட்டுகளுக்கு ஆயுள் ரேகை எழுதப்பட்டுவிட்டது.

இங்கே அக்கா குறுக்கிட்டார். “அப்போ 1940-ஆம் வருஷத்துப் பிளேனெல்லாம் இன்னும் பறக்குதுன்னு நீ முன்னாடி ஒருநாள் சொன்னியே, அது எப்படிடா? அது எத்தனை தடவ ஏறி எறங்கியிருக்கும்?”

நல்ல கேள்வி. அவற்றில் பெரும்பாலானவை உப்புவதே இல்லை. பத்தாயிரம் அடிக்குக் கீழேயே பறந்துவிட்டு இறங்குபவை. உள்ளே காற்றை அழுத்த வேண்டிய தேவை இல்லை, அதனால் உடம்பு பலூனாக வேண்டியதும் இல்லை. அக்காவின் மகள் ஏறிய டுவின் ஆட்டரும் அப்படித்தான். காது அடைப்பதைத் தவிர வேறு தொந்தரவு கிடையாது. இறக்கை மட்டும் ஒவ்வொரு பறப்பிலும் வளைந்து நிமிரும், சோர்வுக் கணக்கு அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்தின் பாட்டன் டிசி-3. 1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்தது. அமெரிக்காவில் டக்ளஸ் நிறுவனம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் செய்தது, பெரும்பகுதி இரண்டாம் உலகப் போருக்காக. பிரிட்டிஷ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் டகோட்டா. எங்கள் மாமா தடதடவென்று ஆடிக்கொண்டு வரும் பஸ்ஸைப் பார்த்தால் ‘டக்கோட்டா வந்துடுச்சு’ என்பார். விமான டகோட்டாவுக்கு அது நியாயமே இல்லாத வசை. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு இத்தனை கிராம் உலோகம் போதும் என்று செதுக்கத் தெரியாத காலத்தில் அதைச் செய்தார்கள். அதனால் எங்கே சந்தேகம் வந்ததோ அங்கெல்லாம் கூடுதலாக உலோகத்தை வைத்தார்கள். இறக்கைக்குள் ஒன்றுக்கு மூன்று உத்தரம் ஓடுகிறது. அந்தக் காலத்து எஸ்டேட் பங்களாவின் தூண்கள் மாதிரி.

1947-ல் மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று சேவையைத் தொடங்கியபோது ஐந்து பேர் மட்டும் உட்காரும் ஏர்ஸ்பீட் கான்சல் விமானத்தில்தான் தொடங்கியது. பிறகு டிசி-3 வந்தது. நம் ஊரிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், ஈப்போவில், துரைமார்கள் ஏறி இறங்கிய விமான வகை இன்றும் கொலம்பியாவில் வில்லாவிசென்சியோ என்ற ஊரிலிருந்து சாலை இல்லாத காட்டூர்களுக்குச் சாமானும் ஆளும் ஏற்றிப் போகிறது. அமெரிக்காவின் ஒஷ்கோஷ் நகரில் பாஸ்லர் என்ற நிறுவனம் பழைய டிசி-3-ஐ வாங்கி, உடம்பை நீட்டி, பிஸ்டன் என்ஜினைக் கழற்றிவிட்டு டர்பைன் என்ஜின் பூட்டி விற்கிறது. போர்க்காலத்தில் பிறந்த அந்த உடம்புகள் இப்போது அண்டார்க்டிகாவில் விஞ்ஞானிகளைச் சுமக்கின்றன.

கனடாவின் மேற்குக் கரைக்குப் போனால் பீவர். அதுவும் டி ஹாவிலண்ட் செய்ததுதான், 1947-ல் முதலில் பறந்து 1967-ல் உற்பத்தி நின்றுபோனது. கடைசியாகச் செய்த பீவருக்கே ஐம்பது தாண்டிவிட்டது என்று பாருங்கள். வாங்கூவரில் ஹார்பர் ஏர் என்ற நிறுவனம் காலில் மிதவை கட்டி, தண்ணீரிலிருந்தே எழுப்பி, டிக்கெட் போட்டுப் பயணிகளை ஏற்றுகிறது, ஏதோ படகுத்துறை மாதிரி. அதே நிறுவனம் 2019 டிசம்பர் 10 அன்று ஒரு பழைய பீவரில் மின்சார மோட்டாரைப் பூட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தது. 60 வயது தாண்டிய உடம்பு, நேற்றைய மோட்டார். எனக்கு இந்தச் செய்தி மேல் தனிப் பிரியம்.

காற்றழுத்தம் உள்ள பழைய ஜெட்டுகளிலும் ஒன்று பிடிவாதமாக உயிரோடு இருக்கிறது, அதே 737-200. கனடாவின் வடபகுதியில் சுரங்கங்களுக்குப் போகும் ஓடுபாதைகளில் தார் கிடையாது, சரளைக்கல்தான். புது 737-களின் என்ஜின் குண்டாகத் தரையை ஒட்டித் தொங்கும், கல்லை வாரி விழுங்கிவிடும். பழைய 737-200-க்கு என்ஜின் ஒல்லி. அதோடு போயிங் அதற்கென்று ஒரு சாதனத் தொகுப்பும் செய்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் கல் மேலே தெறிக்காமல் தடுக்கும் ஒரு தகடு, என்ஜின் வாய்க்குக் கீழே காற்றை ஊதும் சின்னக் குழாய். இதற்கு மாற்று இன்னும் சரியாக அமையாததால் கியூபெக்கின் நோலினார் நிறுவனம் 1970-களில் பிறந்தவற்றைக்கூடப் பேணி வைத்து, சுரங்கத் தொழிலாளிகளை ஏற்றி இறக்குகிறது. பாரியோவுக்கு டுவின் ஆட்டர் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி.

பேணி வைப்பது என்றேன். தினமும் காலையில் தோட்டத்தில் பெரட்டு எடுத்து ஆள் எண்ணுவது மாதிரி விமானத்துக்கும் தினசரிப் பார்வை உண்டு. அப்புறம் சில நூறு மணிக்கு ஒன்று, ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று பெரிதாகிக்கொண்டே போய், ஆறிலிருந்து பத்து ஆண்டுக்குள் ஒரு முழுக் கழற்றல். இருக்கை, தரை, பக்கச் சுவர், சாயம் எல்லாம் போய் எலும்புக்கூடாக நிற்கும். நாங்கள் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது சமையல் மேடைக்கும் கழிப்பறைக்கும் கீழே உள்ள தரையைத்தான். சிந்திய காப்பியும் மற்றதும் இறங்கி அலுமினியத்தை அங்கேதான் அரிக்கும். எத்தனை கோடி வெள்ளி விலையுள்ள விமானமாக இருந்தாலும் கதை இதுதான். விரிசல் தேட ஒரு சிவப்புச் சாயம் உண்டு. தடவி, துடைத்து, வெள்ளை மாவு போன்ற ஒன்றைத் தூவினால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த சாயம் மெல்லக் கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும். முதன்முதலில் அப்படி ஒரு கோடு என் கண் முன்னால் வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. மின்காந்தம், ஒலியலை, எக்ஸ்ரே என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. ஒட்டு விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்க நாணயத்தால் தட்டிச் சத்தம் கேட்கும் பழைய முறையையும் பார்த்திருக்கிறேன். மாமா சுத்தியலால் பாய்லரைத் தட்டிக் காது கொடுப்பார். அவர் ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை.

இப்போது அந்த இறக்கை விஷயம். 2005 டிசம்பர் 19 அன்று மியாமி கடற்கரையில் சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸின் கடல் விமானம் ஒன்று எழும்பியதும் வலது இறக்கை கழன்று விழுந்தது. 20 பேரும் இறந்தார்கள். கிரம்மன் மல்லார்ட் வகை, 1947-ல் செய்தது. இறக்கைக்குள் சோர்வு விரிசல் நீண்ட காலமாக வளர்ந்திருந்தது. எரிபொருள் கசிந்து கசிந்து அதற்கு மேலே மேலே அடைப்புப் போட்டிருக்கிறார்கள். எரிபொருள் ஏன் கசிகிறது என்று அடியில் போய்ப் பார்க்கவில்லை. இன்னொரு கொடுமை, மிகப் பழைய வகை என்பதால் அலோஹாவுக்குப் பின் வந்த கூடுதல் சோதனை விதி அதற்குப் பொருந்தவில்லை. எதற்கு அதிகமாகத் தேவையோ அதற்கு விலக்கு!

எல்லாப் பழியையும் வயதின் மேல் போடவும் முடியாது. 2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்து மலையில் 1939-ல் செய்த யுங்கர்ஸ் 52 ஒன்று விழுந்து 20 பேர் இறந்தபோது எல்லோரும் ‘கிழட்டு விமானம்’ என்றுதான் பேசினார்கள். விசாரணை அறிக்கையோ, பள்ளத்தாக்குக்குள் ஆபத்தாகத் தாழ்வாக ஓட்டியதுதான் காரணம் என்றது. பராமரிப்பிலும் பல குறைகள் இருந்ததை அது மறைக்கவில்லை, ஆனால் அன்று விமானத்தை விழவைத்தது அவை அல்ல.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், எனக்குப் பயம் பழைய விமானத்தின் மேல் இல்லை. கையில் காசில்லாமல் பழைய விமானத்தை ஓட்டுபவர்கள் மேல்தான். வயதாக ஆக விமானம் அதிகப் பார்வை கேட்கும், அதிக உதிரிப்பாகம் கேட்கும். உதிரிப்பாகம் செய்தவர்கள் கடையைக் கட்டியிருப்பார்கள். ஈரானில் பொருளாதாரத் தடையால் புதிது வாங்க முடியாமல் போயிங் 727-ஐ 2019 ஜனவரி வரை பயணிகள் சேவையில் இழுத்துப் பிடித்தார்கள். பிரியத்தினால் வைத்திருந்த விமானம் இல்லை அது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் விமானம் தேய்ந்துபோனதால் ஓய்வு பெறுவதில்லை. எண்ணெய் அதிகம் குடிக்கிறது, பழுது பார்க்கும் செலவு புது விமானத்தின் தவணையைத் தாண்டிவிட்டது என்று கணக்கப்பிள்ளை சொல்லும் நாளில்தான் ஓய்வு. நல்ல நிலையில் இருக்கும்போதே ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன்ற வறண்ட பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அங்கே ஈரம் கிடையாது, சீக்கிரம் அரிக்காது. நம் ஊரில் வீட்டுக் கேட்டின் கீல்கூட இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் பாதி புரிந்ததோ முக்கால் புரிந்ததோ, கடைசியில் அவருக்கு வேண்டியது ஒரு எண்தான். விமானத்தின் வால் பக்கம் 9எம் என்று தொடங்கும் எழுத்துகளைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தோம். மலேசியாவில் பதிவான விமானம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் தொடங்கும். அந்த முழு எழுத்தை இணையத்தில் தேடினால் எந்த ஆண்டில் செய்தது, எத்தனையாவது விமானம் என்பது வரைக்கும் வந்துவிடும். நீங்களும் தேடிப் பார்க்கலாம். பத்து வயது சொச்சம் என்று வந்தது. அக்கா அதை இரண்டு முறை வாசித்தார்.

“நம்ம வேனவிடச் சின்ன வயசுதான்” என்றார். மீதித் தேநீரைக் குடித்தார். கைப்பேசியை எடுத்து மகளை அழைத்தார். பாரியோவில் அலை கிடைத்ததே அதிசயம். விமானம் சின்ன வயசுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

“அது கிடக்கட்டும்டி. தராசுல ஏத்துனாங்களே, எத்தன கிலோ காட்டுச்சு?”